டாம் சீவரின் இரண்டாவது தொழில்: மூன்றரை ஏக்கர் திராட்சை

கேள்வி இது: பேஸ்பாலில் பெரும்புகழ் பெற்ற டாம் சீவர் ஓய்வுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் விற்றார் என்கிறார்கள். நட்சத்திரங்கள் பெயரை மட்டும் வாடகைக்கு விடுகிற வியாபாரம்தானா, அல்லது அவரே இறங்கி வேலை செய்தாரா? செய்தார் என்றால் அது என்ன மாதிரி வேலை?

அவரே இறங்கி வேலை செய்தார். கையில் கொடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தரியோடு, பின்னால் லாப்ரடார் நாய்கள் வர, அநேகமாகத் தினமும் கொடிகளுக்கு நடுவில்தான் இருந்தார். ஓய்வு பெற்ற விளையாட்டு வீரர் ஒருவர் தனக்குப் பொருந்திய வேலையை எப்படிக் கண்டுகொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று தெரியாதவர்களுக்காக. சீவர் ஒரு பிட்சர், பந்து வீசுபவர். 1967-ல் நியூயார்க் மெட்ஸ் அணியில் தொடங்கி 1986-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸில் முடித்தார். இடையில் சின்சினாட்டி, சிகாகோ. மொத்தம் 311 வெற்றி, 3,640 ஸ்ட்ரைக்அவுட் (அடிப்பவரைப் பந்தாலேயே வெளியேற்றுவது), ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டம் சராசரியாக 2.86. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கினார்: 1969, 1973, 1975. அதுவரை கேலிக்கு ஆளாகியிருந்த மெட்ஸ் 1969-ல் உலகத் தொடரை வென்றபோது அந்த அணியின் தூண் அவர்தான். 1992-ல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 430 பேரில் 425 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். அந்த 98.84 சதவீதத்தை 2016 வரை யாரும் தாண்டவில்லை.

அவர் பந்து வீசும் முறையையும் சொல்லியாக வேண்டும். தோள்வலிமையை மட்டும் நம்பி வீசியவர் அல்ல. இடுப்பைத் தாழ்த்தி, தொடையின் முழு பலத்தில் உடலை முன்னால் தள்ளுவார். வலது முழங்கால் மண்ணில் உரசும். ஆட்டம் முடியும்போது அந்த முழங்காலில் மண்கறை இருக்கும். உடம்பின் சுமையைக் காலுக்கு மாற்றியதும் ஒவ்வொரு எதிராளியையும் குறித்து வைத்துப் படித்ததும் இருபது ஆண்டு நீடித்ததற்குப் பெரிய காரணங்கள். நாள்தோறும் ஒழுங்கு, ஆட்டத்துக்கு ஆட்டம் சின்னச் சின்னத் திருத்தம். அந்தப் பழக்கம்தான் பிற்பாடு தோட்டத்தில் கைகொடுத்தது என்பது என் கணிப்பு.

ஓய்வுக்குப் பின் உடனே மண்வெட்டியைத் தூக்கவில்லை. 1987-ல் மெட்ஸில் திரும்ப வர ஒரு முயற்சி செய்தார். பயிற்சியிலேயே உடம்பு ஒத்துழைக்காததால் விட்டுவிட்டார். 1989-லிருந்து தொலைக்காட்சி வர்ணனை: என்பிசியில் வின் ஸ்கல்லியோடு ஓராண்டு, யாங்கீஸ் ஆட்டங்களில் ஃபில் ரிசூட்டோவோடு 1993 வரை, பிறகு 1999 முதல் 2005 வரை மெட்ஸ் ஆட்டங்கள். கனெக்டிகட் மாநிலம் கிரீனிச்சில் குடும்பம். வசதியான வாழ்க்கைதான். ஆனால் பிறந்த மண் கலிஃபோர்னியா. 1998-ல் ஒயினுக்குப் பெயர்போன நாபா பள்ளத்தாக்கின் வடகோடியில், கலிஸ்டோகா ஊருக்கு மேலே டைமண்ட் மலையில் 116 ஏக்கர் வாங்கினார்.

திராட்சை அவருக்குப் புதிதல்ல. அவர் பிறந்த ஃப்ரெஸ்னோ அமெரிக்க உலர்திராட்சையின் தலைநகரம் மாதிரி. அப்பா சார்லஸ் சீவர் நல்ல கோல்ஃப் ஆட்டக்காரர். வேலை பார்த்தது உலர்திராட்சைக் கம்பெனியில். 1962-ல் பள்ளிப்படிப்பு முடிந்ததும் டாமுக்குப் பெரிய கல்லூரி எதுவும் கதவைத் திறக்கவில்லை. உலர்திராட்சைப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வேலைக்குப் போனார், பிறகு மரைன் படைப் பயிற்சி. ஆனால் உலர்திராட்சை விவசாயமும் ஒயின் திராட்சை விவசாயமும் எதிரெதிர் கணக்கு. ஃப்ரெஸ்னோவில் சமவெளி, கொழுத்த மண், நிறைய தண்ணீர், ஏக்கருக்கு எவ்வளவு டன் என்பதுதான் பேச்சு. டைமண்ட் மலையில் சரிவு, ஏழை மண், அளந்து விடும் தண்ணீர். விளைச்சலைக் குறைக்கத்தான் பாதி வேலையே.

அந்த மலையின் சங்கதி இது. மாயகமாஸ் மலைத்தொடரின் பகுதி, எரிமலை மண். மண்ணில் கலந்துகிடக்கும் எரிமலைக் கண்ணாடித் துணுக்குகள் வெயிலில் மினுங்குவதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். தண்ணீர் தங்காது, சத்து குறைவு. கொடி நோஞ்சானாக வளரும், பழம் சிறுத்துப்போகும். ஒயினுக்கு அதுதான் வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோல் விகிதம் கூடும். 2001-ல் டைமண்ட் மவுண்டன் டிஸ்ட்ரிக்ட் என்று அந்தப் பகுதிக்குத் தனி ஒயின் வட்டாரமாக அங்கீகாரமே கிடைத்தது.

116 ஏக்கர் வாங்கியவர் நட்டது சுமார் மூன்றரை ஏக்கர் மட்டும். "மீதியை ஏன் வீணாக்கினார்?" என்று கேட்கத் தோன்றும். அது வீண் அல்ல. பெரும்பகுதி காடும் செங்குத்துச் சரிவும். 1991 முதல் நாபா மாவட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள நிலத்தில் தோட்டம் போட மண்ணரிப்புத் தடுப்புத் திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். 30 சதவீதத்தைத் தாண்டினால் தனி அனுமதி. மழைக்காலத்தில் மலைமண் ஓடைக்குப் போனால் மீன் முட்டையிடும் இடங்கள் மூடிப்போகும் என்பதால்தான் இந்தக் கெடுபிடி. எஞ்சுவதில் தெற்குப் பார்த்த சரிவாகவும் இருக்க வேண்டும். கலிஸ்டோகா வடக்கே 38 பாகைக்கு மேல். அங்கே உச்சிவேளைச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்குப் பக்கமே சாய்ந்திருக்கும். வடக்குச் சரிவில் கேபர்னே சாவிஞான் போன்ற பிந்திப் பழுக்கும் ஒயின் திராட்சை ரகத்தை நட்டால் அக்டோபர் மழை வந்துவிடும், பழம் பழுக்காது. நாபாவில் பல தோட்டங்களைக் கவனித்த ஜிம் பார்பர் என்ற அனுபவசாலியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தெற்குப் பார்த்த துண்டைத் தேர்ந்து கேபர்னே நட்டார். இடத்தில் தவறினால் பின்னால் எவ்வளவு உழைத்தாலும் சரிசெய்ய முடியாது. பணம் உள்ள புதியவர்கள் தவறுகிற முதல் இடமும் இதுதான்: வீட்டு முற்றத்திலிருந்து அழகாகத் தெரிகிற சரிவில் நட்டுவிடுவார்கள்.

நட்ட உடனே பழம் கிடையாது. 1980-களில் நாபாவில் பரவலாக இருந்த ஏஎக்ஸ்ஆர்-1 என்ற வேர்ச்செடியை (மேலே வேறு ரகத்தை ஒட்டுக்கட்ட அடியில் நடும் செடி) ஃபிலாக்ஸெரா பூச்சி தின்று தீர்த்து, ஆயிரக்கணக்கான ஏக்கர் பிடுங்கி நட வேண்டி வந்தது. அதற்குப் பின் நட்டவர்கள் எல்லோரும் பூச்சி தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் கேபர்னே ஒட்டுக்கட்டித்தான் நட்டார்கள். முதலாண்டு வேர் பிடிக்கும். இரண்டாம் ஆண்டு தண்டை நேராக ஏற்றி இரண்டு பக்கமும் கம்பியில் கைபோல ஒவ்வொரு கிளையைப் படரவிட வேண்டும். மூன்றாம் ஆண்டில் கொஞ்சம் குலை. பிறகு அறுவடை, பீப்பாயில் ஒன்றரை இரண்டு ஆண்டு, பாட்டிலில் இன்னும் சில மாதம். சீவரின் முதல் ஒயின் 2005 அறுவடை. விற்பனைக்கு வந்தது 2008. நிலம் வாங்கியதிலிருந்து பத்து ஆண்டு.

பெயர் ஜி.டி.எஸ். ஜார்ஜ் தாமஸ் சீவர் என்பதன் முதலெழுத்துகள். பேஸ்பால் புகழை முன்னால் நிறுத்தி விற்க நினைத்திருந்தால் இப்படி ஒரு பெயரை வைத்திருக்க மாட்டார். இன்னொரு ஒயினுக்கு மனைவி நான்சி பெயரால் நான்சிஸ் ஃபேன்ஸி. ஒயின் தயாரிப்பைத் தாமஸ் ரிவர்ஸ் பிரவுன் கையில் கொடுத்தார். நாபாவில் பெயர் பெற்றவர். தனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டுத் தன்னால் ஆகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். வெளியிலிருந்து பழம் வாங்கி ஒயின் செய்து லேபிள் ஒட்டுவது தப்பான வியாபாரம் இல்லை. கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கின் நாபா ஒயின்கள்கூட அப்படி வெவ்வேறு தோட்டத்துப் பழத்தில் தொடங்கியவைதான். சீவர் தேர்ந்தது வேறு வழி.

சரி, தோட்டத்தில் என்ன வேலை? நாபாவில் கேபர்னேயைப் பந்தலில் படரவிடுவதில்லை. வரிசையாகத் தூண் நட்டு, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கம்பி, அதற்கு மேலே இரட்டைக் கம்பிகள். கீழ்க்கம்பியில் கொடியின் இரண்டு கைகள் நிரந்தரமாகக் கிடக்கும்; தளிர்கள் செங்குத்தாக மேலே போகும்.

கவாத்து ஜனவரி, பிப்ரவரி. இலை முழுதும் உதிர்ந்து கொடி உறங்கும் நேரம். ஒவ்வொரு கையிலும் நான்கைந்து விரற்கடை முதல் ஒரு சாண் வரை இடைவெளியில் ஒரு குட்டை (வெட்டி மிச்சம் வைக்கும் சிறு கிளைத்துண்டு) விட்டு, போன வருடத்துத் தளிரை இரண்டு மொட்டோடு நறுக்க வேண்டும். வெட்டு மேல்மொட்டுக்கு ஒரு விரல் அளவு மேலே. ஒட்டி வெட்டினால் மொட்டு காய்ந்துவிடும். இரண்டு தளிரில் கீழே உள்ளதை வைத்துக்கொண்டு மேலதை எடுத்துவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு குட்டை உயர்ந்துகொண்டே போய்ப் பத்து வருடத்தில் கம்பியை விட்டு எங்கோ நிற்கும். மழை பெய்கிற நாளில் வெட்டக்கூடாது. யூட்டிப்பா என்ற பூஞ்சை ஈரக்காயத்தின் வழியாக நுழைந்து, சில ஆண்டு கழித்துக் கையையே பட்டுப்போகச் செய்யும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரியும்போது கையை அடியோடு வெட்டி எறிய வேண்டியிருக்கும். அதனால் பலர் கவாத்தை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு ஆயிரம் கொடி என்று வைத்தால் மூன்றரை ஏக்கரில் 3,500. ஒரு கொடிக்கு மூன்று நிமிடம் என்றால் 175 மணி நேரம். ஒரே ஆள் எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்தால் 22 நாள். அதுவும் சரிவில், ஒரு கால் மேலே ஒரு கால் கீழே. அறுபதைத் தாண்டிய ஒருவர் ஆட்களோடு சேர்ந்து இதைச் செய்தார் என்றால், தொடை பலத்தில் வீசிய பிட்சருக்கு அது ஓரளவு பழக்கப்பட்ட வலிதான்.

மார்ச் பிற்பகுதியில் மொட்டு வெடிக்கும். பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் மே நடுப்பகுதி வரை உறைபனிக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருப்பார்கள்; மலைச்சரிவில் குளிர்காற்று கீழே வழிந்துவிடுவதால் அந்தப் பயம் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் தண்டிலும் கையிலும் கண்ட இடத்தில் முளைக்கும் வேண்டாத தளிரைக் கையாலேயே தேய்த்து எடுக்க வேண்டும். இளசாக இருக்கும்போது விரலில் உதிர்ந்துவிடும்; பத்து நாள் தள்ளினால் கத்தரி எடுக்க வேண்டியிருக்கும், காயமும் பெரிது. தளிர் நீள நீள இரட்டைக் கம்பிக்குள் சொருகி நிமிர்த்த வேண்டும்.

இலை கழிப்பதில்தான் கை தேர்ந்தவரையும் அரைகுறையையும் பிரித்தறியலாம். குலையைச் சுற்றி இலை அடர்ந்தால் காற்றோட்டம் இல்லாமல் சாம்பல் நோய் வரும். நிழலில் பழுத்த கேபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் வாசம் நிற்கும், பீப்பாயில் எத்தனை மாதம் வைத்தாலும் போகாது. அதனால் காலை வெயில் படும் பக்கம் குலைக்கு எதிரே உள்ள இலைகளை எடுப்பார்கள். மாலை வெயில் பக்கம் விட்டுவைக்க வேண்டும். அந்தப் பக்கத்தையும் மொட்டையடித்துவிட்டால் ஆகஸ்ட், செப்டம்பர் வெப்ப அலையில், கலிஸ்டோகாவில் 40 டிகிரி சர்வசாதாரணம், பழம் கொடியிலேயே வெந்து சுருங்கி உலர்திராட்சையாகும். ஃப்ரெஸ்னோவில் காகிதத் தட்டில் பரப்பி வேண்டுமென்றே செய்கிற அதே காரியம் இங்கே நஷ்டம்.

சாம்பல் நோய்க்குக் கந்தகம்தான் இன்றும் முதல் மருந்து. தளிர் ஒரு சாண் வந்ததிலிருந்து பழம் நிறம் மாறும் வரை 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. வெயில் 35 டிகிரியை நெருங்கும் நாளில் அடித்தால் இலையும் பழமும் கருகும். பியர்ஸ் நோய் இன்னும் பொல்லாதது: ஓடைக்கரைச் செடிகளிலிருந்து வரும் தத்துப்பூச்சி ஒரு பாக்டீரியாவைக் கொடியில் ஏற்றிவிடும், கொடிக்குள் நீர் ஏறும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், இலை ஓரத்திலிருந்து காயும். மருந்து கிடையாது, கொடியைப் பிடுங்கிப் புதிது நட வேண்டும். இவையெல்லாம் வரிசைக்குள் நடக்கிறவர் கண்ணுக்குத்தான் ஆரம்பத்தில் தெரியும். தினமும் ஒருவர் நடப்பதன் பயன் இதுதான்.

ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்தில் பச்சைக் காய் கருநீலத்துக்கு மாறத் தொடங்கும். அப்போது குலை குறைக்க வேண்டும். இரண்டு கைகளில் 12 குட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு தளிர், தளிருக்கு இரண்டு குலை என்றால் கொடிக்கு 48. மலைத்தோட்டத்தில் ஏக்கருக்கு இரண்டு அமெரிக்க டன் இலக்கு என்றால் கொடிக்கு 1.8 கிலோதான், குலை 100 கிராம் என்று வைத்தாலும் 18 போதும். மீதியை வெட்டித் தரையில் போட வேண்டும். பிந்திப் பழுப்பது, குலையின் தோளில் பச்சையாக நிற்பது, நோஞ்சான் தளிரில் தொங்குவது எல்லாம் கீழே. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு முதல் சில ஆண்டு மனசு கேட்காது. ஆனால் பிந்திய குலையும் முந்திய குலையும் ஒரே தொட்டிக்குப் போனால் ஒயினில் பச்சைத் துவர்ப்பும் வெல்லப்பாகு ருசியும் ஒன்றாக அடிக்கும்.

அறுவடை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஒரு குலையை மட்டும் பிழிந்து பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். வரிசையின் இரண்டு பக்கமும், மேல்சரிவு கீழ்ச்சரிவு எல்லா இடத்திலிருந்தும் இருநூறு பழம்போல எடுத்துப் பிழிந்து, சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்க வேண்டும். 25 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் 25 கிராம்) சர்க்கரை ஏறத்தாழ 15 சதவீத ஆல்கஹால் ஆகும். எண் மட்டும் போதாது. விதை பழுப்பாகி மெல்லும்போது நொறுங்க வேண்டும், தோலின் துவர்ப்பு இளகியிருக்க வேண்டும். விடியுமுன் பறித்துக் குளிர்ச்சியாகக் கொண்டுபோவார்கள். பிறகு பிரவுனின் வேலை: காம்பு நீக்கி, இரண்டு மூன்று வாரம் தோலோடு புளிக்கவைத்து, பிழிந்து, பிரெஞ்சு ஓக் பீப்பாயில். சர்க்கரை அதிகமான சாற்றில் ஈஸ்ட் பாதியில் செத்துப் புளித்தல் நின்றுவிடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து. சூடு 30 டிகிரியைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சீவரின் கடைசி ஆண்டுகளைப் பற்றித் தப்பான செய்திகள் நிறைய உலவுகின்றன. கனெக்டிகட்டில் இருந்தபோது 1991-ல் உண்ணிக் கடியால் லைம் நோய் வந்தது. இருபது ஆண்டு கழித்து நினைவு தடுமாற ஆரம்பித்தது. தோட்டத்தில் பல ஆண்டு கூட வேலை செய்த மேஸ்திரியின் பெயரே நினைவுக்கு வரவில்லை. லைம் நோய் திரும்பியிருக்கிறது என்று மருத்துவர்கள் சொன்னதை 2013-ல் அவரே வெளியில் சொன்னார். மருந்தோடு மறுபடி தோட்டத்துக்கு வந்தார். 2019 மார்ச்சில் டிமென்ஷியா (மறதி நோய்) என்று குடும்பம் அறிவித்து, இனி பொது நிகழ்ச்சிக்கு வரமாட்டார், தோட்டத்தில் வேலை செய்வார் என்றது. 2020 ஆகஸ்ட் 31 அன்று கலிஸ்டோகாவில் இறந்தார். லூயி பாடி டிமென்ஷியாவும் கோவிட்டும் காரணம். லைம் நோய்தான் டிமென்ஷியாவானது என்று எழுதுகிறவர்கள் இரண்டையும் குழப்புகிறார்கள். அவை வேறு வேறு நோய்கள். ஒன்று மற்றொன்றாக மாறியது என்று சொல்ல ஆதாரம் இல்லை. பூச்சி மருந்தால் வந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை.

பணம் பற்றியும் கேட்பார்கள். மூன்றரை ஏக்கர், ஏக்கருக்கு இரண்டு டன், டன்னுக்கு அறுபது பெட்டி என்றால் 420 பெட்டி, 5,040 பாட்டில், 225 லிட்டர் பீப்பாய் சுமார் 17. இந்த அளவில் அஞ்சல் பட்டியல் வாடிக்கையாளருக்கும் சில உணவகங்களுக்கும் நேரடியாக விற்றால்தான் கட்டுப்படியாகும். இடைத்தரகருக்குக் கொடுத்தால் விலையில் பாதி போய்விடும். நிலம், நடவு, வேலி, சொட்டுநீர், ஏழு எட்டு ஆண்டு கூலி எல்லாம் முதல் பாட்டில் விற்கும் முன்பே செலவாகியிருக்கும். சீவருக்கு இருபது சீசன் சம்பளம், வர்ணனை வருமானம், பத்து ஆண்டு ஆடினாலே முழுதாகக் கிடைக்கும் வீரர் ஓய்வூதியம் எல்லாம் பின்னால் நின்றன. இவை இல்லாத முன்னாள் வீரர் இதே ஆசையில் இறங்குவதானால் நிலம் வாங்காமல், நல்ல தெற்குச் சரிவுத் தோட்டத்தில் இரண்டு டன் பழத்துக்கு ஒப்பந்தம் போட்டு, மற்றவர் ஆலையில் கட்டணத்துக்கு ஒயின் செய்து தொடங்கலாம். அப்போதும் கவாத்துக் காலத்தில் அந்தத் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வரிசையைத் தானே வெட்டிப் பார்ப்பது நல்லது. இந்த வேலை தனக்கு ஆகுமா என்பது அந்த ஒரு வரிசையிலேயே தெரிந்துவிடும்.